ஒன்பது வயதுக் கேள்வியும் ஒரு பெருங்காடும்



கொஞ்சம் நீளமான பதிவு இது. நேரம் கிடைக்கும்போது உட்கார்ந்து படியுங்கள்.

உங்களில் பலர் இப்போது ஆசிரியர்களாக இருக்கிறீர்கள். பள்ளி திறந்ததும் சுற்றுச்சூழல் மன்றப் பொறுப்பு யாராவது ஒருவர் தலையில் வந்து விழும். "பிள்ளைகளை வைத்து இந்த ஆண்டு என்ன செய்யலாம்?" என்று எனக்குச் செய்தி அனுப்பிக் கேட்கிறீர்கள். கன்று நடுவது, ஓவியப் போட்டி, பதாகை பிடித்து ஊர்வலம் போவது ஆகிய மூன்றையும் தாண்டி ஏதாவது இருக்கிறதா என்பதுதான் உங்கள் கேள்வி. யோசனைப் பட்டியல் ஒன்றை எழுதித் தருவதைவிட நடந்த வரலாறு ஒன்றைச் சொல்வது நல்லது என்று எனக்குப் பட்டது. ஸ்வீடன் நாட்டின் ஒரு கிராமப் பள்ளியில் தொடங்கி, மத்திய அமெரிக்காவில் உள்ள கோஸ்டா ரிகா நாட்டில் போய் நிலைத்த கதை அது.

முதலில் அந்தக் காட்டைத் தெரிந்துகொள்வோம்.

கோஸ்டா ரிகாவின் மலைத்தொடர் ஒன்றில் மொன்டேவெர்டே என்ற ஊர் இருக்கிறது. ஸ்பானிய மொழியில் 'பச்சை மலை' என்று பொருள். கரீபியக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலையில் மோதி, மேகமாகவே காட்டுக்குள் புகுந்து போகும். மழை பெய்யாத நாளிலும் இலைகளில் நீர் சொட்டும். மரக்கிளைகள் எல்லாம் பாசியும் ஆர்க்கிட் செடிகளும் அப்பிக் கிடக்கும். இதை மேகக்காடு என்கிறார்கள். நீலகிரி, கொடைக்கானல் பக்கம் சோலைக்காட்டைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். நம் சோலைகள் மழைநீரைப் பிடித்துவைத்துக் கீழே உள்ள ஆறுகளுக்கு மெல்ல மெல்லக் கொடுப்பதுபோல, அந்தக் காடும் அந்த நாட்டின் ஆறுகளுக்குத் தாய்மடி.

அந்த மலைக்கு 1951-ல் அமெரிக்காவிலிருந்து சில குடும்பங்கள் வந்து குடியேறின. அவர்கள் குவேக்கர்கள். போரில் ஆயுதம் எடுப்பதில்லை என்று கொள்கை வைத்திருக்கும் கிறிஸ்தவப் பிரிவினர். அலபாமா மாநிலத்தில் ஃபேர்ஹோப் என்ற ஊரைச் சேர்ந்த நான்கு இளைஞர்கள் ராணுவத்துக்குப் பெயர் பதிய மறுத்துச் சிறைக்குப் போனார்கள். கோஸ்டா ரிகாவோ 1948-ல் தன் ராணுவத்தையே கலைத்துவிட்ட நாடு. ராணுவம் இல்லாத நாட்டில் வாழ்வோம் என்று அந்தக் குடும்பங்கள் அங்கே போனார்கள். சுமார் 1,400 ஹெக்டேர் வாங்கி, மாடு வளர்த்து, பாலாடைக்கட்டி செய்து பிழைத்தார்கள்.

அவர்கள் செய்த ஒரு காரியத்தை இங்கே குறித்துக்கொள்ளுங்கள். வாங்கிய நிலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை, மலை உச்சியை ஒட்டிய காட்டை, வெட்டுவதில்லை என்று ஒதுக்கி வைத்தார்கள். பறவைகளை நினைத்துச் செய்ததில்லை அது. ஊருக்குத் தண்ணீர் அங்கிருந்துதான் வருகிறது என்பதால் செய்தது. பிறகு 1972-ல் ஜார்ஜ் பவல், ஹாரியட் பவல் என்ற உயிரியல் படித்த தம்பதியரின் முயற்சியால் அதை ஒட்டி ஒரு காப்புக்காடு உருவானது. சிறைக்குப் போன நால்வரில் ஒருவரான வில்ஃபோர்டு கிண்டன் அதற்குக் காவலர் ஆனார். ஒரு காலத்தில் இயந்திர ரம்பத்தோடு காட்டைத் திருத்திய மனிதர் அவர். பிற்பாடு அதே காட்டைப் பல பத்தாண்டுகள் நடந்தே காத்தார்.

ஆனால் சுற்றிலும் நிலைமை மோசமாக இருந்தது. அந்த நாட்டில் நெடுங்காலம், காட்டைத் திருத்தினவனுக்குத்தான் நிலத்தில் உரிமை என்ற நடைமுறை இருந்தது. மரம் நின்றால் 'சும்மா கிடக்கும் நிலம்'. மரத்தை வெட்டிப் புல் போட்டு மாடு விட்டால் 'மேம்படுத்திய நிலம்'. மாட்டிறைச்சி ஏற்றுமதிக்கு நல்ல விலையும் கிடைத்தது. 1980களில் நாட்டின் பரப்பில் கால் பங்குக்கும் குறைவாகவே காடு மிஞ்சியிருந்தது. உள்ளூர்க்காரர்களும் உயிரியல் ஆய்வாளர்களும் சேர்ந்து 1986-ல் 'மொன்டேவெர்டே பாதுகாப்புச் சங்கம்' என்று ஒன்றைத் தொடங்கினார்கள். மலையின் கரீபியப் பக்கச் சரிவில் இருந்த பெனாஸ் பிளாங்காஸ் பள்ளத்தாக்கை எப்படியாவது காப்பாற்ற வேண்டும் என்பது அவர்கள் கவலை. மனம் இருந்தது, பணம் இல்லை.

இப்போது ஸ்வீடனுக்குப் போவோம்.

1987-ல் ஃபாகர்விக் என்ற இடத்தில் ஒரு சிறிய கிராமப் பள்ளி. ஏஹா கெர்ன் என்ற ஆசிரியை தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு மழைக்காடுகளைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். எவ்வளவு வேகமாகக் காடு அழிகிறது, அதனோடு எத்தனை உயிர்கள் போகின்றன என்று சொன்னார். பாடத்தைக் கேட்ட பிள்ளைகளுக்கு மனம் தாங்கவில்லை. ரோலண்ட் டியென்சூ என்ற ஒன்பது வயதுப் பையன், இதைத் தடுக்க நாம் என்ன செய்ய முடியும் என்று கேட்டான்.

நான்காம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் நெடுநாள் எடுத்தவர்களுக்குத் தெரியும், இந்தக் கேள்வி எல்லா வகுப்பிலும் வரும். ஆசிரியர் வழக்கமாகச் சொல்லும் பதில்களும் நமக்குத் தெரியும். "நன்றாகப் படி, பெரியவனாகி அதிகாரி ஆகு, அப்போது செய்யலாம்" என்போம். அல்லது "வீட்டில் தண்ணீரை வீணாக்காதே" என்போம். இரண்டும் தவறான பதில்கள் இல்லை. ஆனால் பையன் கேட்டது காட்டைப் பற்றி, அதுவும் இப்போது என்ன செய்யலாம் என்று.

ஏஹா கெர்ன் அந்தக் கேள்வியைத் தட்டிக் கழிக்கவில்லை. ஷரோன் கின்ஸ்மன் என்ற அமெரிக்க உயிரியலாளர் மொன்டேவெர்டே காட்டில் ஆய்வு செய்தவர். அவரை வகுப்புக்கு வரவழைத்தார். அவர் வந்து காட்டின் படங்களைத் திரையில் காட்டினார். அங்கே நிலத்தை விலைக்கு வாங்கிக் காப்பதற்கு ஒரு சங்கம் பாடுபடுவதையும் சொன்னார். பிள்ளைகளின் கேள்விக்கு அங்கேதான் ஒரு முகவரி கிடைத்தது. காட்டை வாங்கலாம்!

பிள்ளைகள் இறங்கினார்கள். பாட்டுப் பாடி, நாடகம் போட்டு, கையால் செய்ததை விற்றுக் காசு சேர்த்தார்கள். அந்த மலைச்சரிவில் அப்போது நிலவிலை குறைவு. அதனால் ஒரு சின்ன வகுப்பு சேர்த்த பணத்துக்கே சில ஹெக்டேர் காடு வாங்க முடிந்தது. இந்தச் செய்தி மற்றப் பள்ளிகளுக்குப் பரவியது. ஏஹாவும் அவர் கணவர் பெர்ண்டும் 'பார்னென்ஸ் ரெக்ன்ஸ்கோக்', அதாவது 'குழந்தைகளின் மழைக்காடு' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். ஸ்வீடனைத் தாண்டி அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி, ஜப்பான் என்று பிள்ளைகள் சேர்ந்துகொண்டார்கள். மொத்தம் 44 நாடுகளின் பிள்ளைகள் இதற்குக் காசு கொடுத்திருக்கிறார்கள். 1991-ல் ஏஹா கெர்னுக்கும் மாணவன் ரோலண்டுக்கும் சேர்த்தே கோல்டுமன் சுற்றுச்சூழல் பரிசு வழங்கப்பட்டது. ஆசிரியருக்கும் மாணவனுக்கும் ஒரே பரிசு!

இன்று அந்தக் காட்டின் பெயர் 'போஸ்கே எட்டெர்னோ தே லோஸ் நீனோஸ்'. 'குழந்தைகளின் நிரந்தரக் காடு' என்று பொருள். பரப்பு 22,000 ஹெக்டேருக்கும் மேல். நம் கணக்கில் சுமார் 55,000 ஏக்கர். தனியார் பொறுப்பில் உள்ள காப்புக்காடுகளில் அந்த நாட்டிலேயே பெரியது இதுதான்.

இந்தக் கதையைச் சொல்லுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் நிறுத்திக் கைதட்டிவிடுவார்கள். எனக்கு இதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம்.

நிலத்தை வாங்குவது என்றால் பணம் கொடுத்துப் பத்திரம் பதிவதோடு முடிகிற காரியமா? அந்தப் பள்ளத்தாக்கில் ஏற்கெனவே குடியானவர்கள் இருந்தார்கள். சட்டம் சொன்னபடி காட்டைத் திருத்தியவர்கள். பிறகு அரசு அதையே காப்புப் பகுதி என்று அறிவித்து வெட்டத் தடை போட்டது. வெட்டவும் முடியாமல் விற்கவும் முடியாமல் அவர்கள் திண்டாடிக்கொண்டிருந்தார்கள். சங்கத்தார் வீடு வீடாகப் போய்ப் பேசி, அவரவர் உரிமைக்கு விலை கொடுத்து வாங்கினார்கள். எல்லை அளந்தார்கள். பிள்ளைகள் ஆண்டு முழுவதும் சேர்த்த காசு எங்கே போனது என்றால், ஒரு குடியானவர் வேறு இடத்தில் போய்ப் பிழைப்பு நடத்துவதற்கும் சேர்த்துத்தான் போனது.

"வசதியான நாட்டுப் பிள்ளைகள் ஏழை நாட்டு நிலத்தை வாங்குவது சரியா?" என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் தோன்றியது. இதில் இரண்டு விஷயங்கள் கவனிக்க வேண்டும். நிலம் ஸ்வீடன் பிள்ளைகள் பெயரில் இல்லை, கோஸ்டா ரிகாவில் உள்ள சங்கத்தின் பெயரில் இருக்கிறது. அடுத்தது, சங்கம் காட்டைப் பூட்டிவிட்டு உட்காரவில்லை. அந்த மலையில் காற்று கடுமையாக வீசும். பால் மாடு வைத்திருந்த உழவர்களோடு சேர்ந்து, மேய்ச்சல் நிலத்தின் ஓரங்களில் காற்றைத் தடுக்க வரிசையாக மரம் நட்டார்கள். நாற்று வளர்த்து லட்சக்கணக்கில் நட்டிருக்கிறார்கள். காற்றின் வேகம் குறைந்தால் புல்லும் செழிக்கும், மாடும் நன்றாகக் கறக்கும். உழவருக்கு ஆதாயம் இருந்ததால் அந்த மரங்கள் நின்றன.

அப்புறம் காவல். 55,000 ஏக்கருக்குச் சுவர் எழுப்ப முடியாது. இறைச்சிக்காக வேட்டையாடுகிறவர்கள் வருவார்கள். பனை இனத்து மரம் ஒன்றின் குருத்துக்கு நல்ல விலை உண்டு, அதைத் திருட்டுத்தனமாக வெட்ட வருவார்கள். சேறும் மழையுமான பாதையில் வனக்காவலர்கள் நாள்கணக்கில் நடக்க வேண்டும். அவர்களுக்கு மாதாமாதம் சம்பளம் வேண்டும். நிலம் வாங்க என்றால் உலகமே காசு கொடுக்கும். காவலர் சம்பளத்துக்கு, பூட்ஸ் வாங்க என்றால் யார் கொடுப்பார்கள்? 1990களில் மழைக்காட்டு மோகம் தணிந்து நன்கொடை குறைந்தபோது சங்கம் ஆட்களைக் குறைக்க வேண்டியிருந்தது. காட்டைக் கைவிடவில்லை. 1998-ல், அந்தக் காட்டிலிருந்து வரும் ஆற்றுநீரில் மின்சாரம் எடுக்கும் நிறுவனம் ஒன்று, காட்டைக் காப்பதற்காகச் சங்கத்துக்கு ஆண்டுதோறும் பணம் தர ஒப்பந்தம் செய்துகொண்டது. 1951-ல் குவேக்கர்கள் உச்சிக்காட்டை விட்டுவைத்ததற்குச் சொன்ன அதே காரணம், தண்ணீர்!

வாங்கிய நிலம் ஏன் இவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதற்கும் காரணம் உண்டு. கெட்சால் என்று ஒரு பறவை. பச்சை உடல், சிவந்த வயிறு, ஆண் பறவைக்கு நீண்ட வால்தோகை. மொன்டேவெர்டேக்கு வருகிறவர்கள் எல்லாம் பார்க்க ஆசைப்படும் பறவை. ஜார்ஜ் பவல் சில கெட்சால்களின் உடலில் சிறிய ரேடியோக் கருவியைக் கட்டிப் பின்தொடர்ந்தார். உச்சியில் குஞ்சு பொரித்தபின் அவை காப்புக்காட்டை விட்டு வெளியேறி, கீழே சரிவில் உள்ள காடுகளுக்குப் பழம் தேடிப் போவது தெரிந்தது. உச்சியை மட்டும் காத்தால் பறவை பிழைக்காது. மேலிருந்து கீழ்வரை தொடர்ச்சியாகக் காடு வேண்டும். பிள்ளைகளின் காடு உச்சியிலிருந்து கரீபியப் பக்கச் சரிவு நெடுக இறங்குகிறது. மேலும் கீழுமாக இடம் மாறி வாழும் உயிர்களுக்கு அது பெரிய துணை.

இன்னொரு உயிரின் கதையையும் சொல்லாமல் விட்டால் வரலாறு முழுமையாகாது.

மொன்டேவெர்டே உச்சியில் பொன்தேரை என்று ஒன்று இருந்தது. ஆண் தேரை பளபளவென்று ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். உலகத்திலேயே அந்தச் சில சதுர கிலோமீட்டரில் மட்டும்தான் அது உண்டு. 1966-ல்தான் ஜே சாவேஜ் என்ற விலங்கியலாளர் அதை அறிவியல் உலகத்துக்கு அறிமுகப்படுத்தினார். ஆண்டுதோறும் மழை தொடங்கும் சில நாட்கள் மட்டும் மண்ணுக்கடியிலிருந்து வெளியே வந்து குட்டைகளில் முட்டையிடும். 1987-ல், அதாவது ரோலண்ட் கேள்வி கேட்ட அதே ஆண்டில், 1,500-க்கும் மேற்பட்ட பொன்தேரைகளைக் கண்டார்கள். அடுத்த ஆண்டு விரல்விட்டு எண்ணும் அளவுக்கு வந்துவிட்டது. 1989-ல் ஒன்றே ஒன்று. அதற்குப் பிறகு யார் கண்ணிலும் படவில்லை. 2004-ல் அது அழிந்த இனம் என்று பன்னாட்டுப் பட்டியலில் சேர்ந்தது.

இத்தனைக்கும் அது வாழ்ந்த இடம் வெட்டப்படவே இல்லை, காப்புக்காட்டுக்குள்தான் இருந்தது. தவளை, தேரைகளின் தோலைத் தாக்கும் ஒருவகைப் பூஞ்சை நோய், உலகம் சூடாகி மலையில் மூடுபனி நாட்கள் குறைந்தது, அந்த ஆண்டுகளின் வறட்சி என்று ஆய்வாளர்கள் காரணங்கள் சொல்கிறார்கள். எது எவ்வளவு என்று இன்னும் விவாதம் நடக்கிறது. பூஞ்சைக்கும் வெயிலுக்கும் வேலி தெரியாது. பிள்ளைகள் சேர்த்த காசு நிலத்தை வாங்கியது, வானிலையை வாங்கவில்லை.

இதைப் பிள்ளைகளிடம் சொல்லலாமா என்று கேட்பீர்கள். சொல்ல வேண்டும் என்பதே என் எண்ணம். "நீ காசு கொடுத்தாய், காடு பிழைத்தது" என்று மட்டும் சொன்னால் அது பாதி உண்மை. மீதிப் பாதியையும் தெரிந்துகொண்ட பிள்ளைதான் நாளை மின்சாரம், எரிபொருள், தொழிற்சாலை பற்றியெல்லாம் கேள்வி கேட்கும். ஒன்பது வயதுக்கு உண்மை தாங்காது என்று நாம் நினைக்கிறோம். பொய்ச் சமாதானத்தைத்தான் அந்த வயது தாங்காது.

இனி நம் பள்ளிகளுக்கு வருகிறேன். நம் நாட்டில் 2001-ல் தேசிய பசுமைப் படைத் திட்டம் வந்தபிறகு பள்ளிதோறும் மன்றங்கள் அமைந்தன. ஆர்வத்துக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் ஜூலையில் நட்ட கன்று அடுத்த மே மாத விடுமுறையில் தண்ணீர் இல்லாமல் காய்வதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். மறு ஜூலையில் அதே குழியில் இன்னொரு கன்று, இன்னொரு புகைப்படம். அந்தக் காய்ந்த குச்சியைத் தினமும் பார்த்துக்கொண்டு வகுப்புக்குப் போகும் பிள்ளை என்ன கற்றுக்கொள்ளும்? பெரியவர்களுக்கு இது ஒருநாள் கூத்து என்றுதான் கற்றுக்கொள்ளும். அது அந்தக் கன்றைவிடப் பெரிய நட்டம்.

ஃபாகர்விக் கதையில் வேலை சரியாகப் பிரிந்திருந்தது. கேள்வி பிள்ளையுடையது. காசு சேர்த்த உழைப்பு பிள்ளைகளுடையது. இடம் தெரிந்தவரைத் தேடிப் பிடித்தது ஆசிரியர். பத்திரம், எல்லை, காவல், சம்பளம் எல்லாம் பெரியவர்கள் தோளில். பிள்ளைகளின் வேலையைப் பெரியவர்கள் பிடுங்கிக்கொள்ளவில்லை. பெரியவர்களின் வேலையைப் பிள்ளைகள் தலையில் கட்டவும் இல்லை. அதனால்தான் அந்தப் பிள்ளைகள் வளர்ந்து தங்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் வயது வந்த பிறகும் காடு நிற்கிறது.

ஆகவே ஆசிரியர்களாக இருக்கும் என் மாணவர்களுக்குச் சொல்கிறேன். இந்த ஆண்டு மன்றத்தில் உறுதிமொழி வாசித்து முடித்ததும், பிள்ளைகளைப் பேச விடுங்கள். ஊரில் எது கெட்டுக்கிடக்கிறது என்று அவர்களே சொல்லட்டும். ஊருணியாக இருக்கலாம், பள்ளிக்குப் பின்னால் குப்பை எரிக்கும் இடமாக இருக்கலாம். ஒன்றே ஒன்றை எடுங்கள். அதைப் பற்றித் தெரிந்த ஒருவரை, கிராம நிர்வாக அலுவலரோ, பழைய நீர்ப்பாய்ச்சியோ, கல்லூரிப் பேராசிரியரோ, வகுப்புக்கு அழைத்து வாருங்கள். பிள்ளைகளால் முடிந்த பங்கை அவர்களுக்குக் கொடுங்கள். கன்றுதான் நடப்போகிறீர்கள் என்றால், குழி தோண்டும் முன்பே ஒரு தாளில் ஒரு பெயர் எழுதுங்கள்: மே மாதத்தில் தண்ணீர் ஊற்றப்போவது யார்? அந்தப் பெயர் ஒரு பெரியவருடையதாக இருக்க வேண்டும். பெயர் கிடைக்காவிட்டால் பத்துக் கன்றுக்குப் பதில் இரண்டு நடுங்கள்.

ஆசிரியர் வேலையில் இல்லாத மற்றவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நீங்கள் படித்த பள்ளி உங்கள் ஊரில்தான் இருக்கிறது. அந்த மே மாதப் பெயர் உங்களுடையதாக ஏன் இருக்கக் கூடாது?

உங்கள் பள்ளிகளில் பிள்ளைகள் தொடங்கி, சில ஆண்டுகளாவது நிலைத்த வேலை ஏதும் இருந்தால் கீழே எழுதுங்கள். சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. ஆசையோடு படிப்பேன்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்